பழைய டில்லருக்கு வேறு எஞ்சின்: எச்.பி.யைக் கடைசியில் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: வீட்டில் இருபது வருடப் பழைய 5 எச்.பி. பெட்ரோல் டில்லர், பெல்ட்டில் ஓடுகிற வகை. கனெக்டிங் ராடு உடைந்து எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது, உதிரி பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. கியர் பாக்ஸும் கத்திகளும் நன்றாகவே இருக்கின்றன. சும்மா கிடக்கிற 2 இஞ்ச் தண்ணீர் பம்பின் 5.5 எச்.பி. எஞ்சினைக் கழற்றி இதில் மாட்டலாமா, புதிதாக 7 எச்.பி. வாங்குவது நல்லதா, டீசல் போட்டால் எரிபொருள் மிச்சமாகுமா? எந்த எஞ்சினுக்குச் சக்தி போதும் என்று கேட்கிறீர்கள். சக்தி இந்த மூன்றிலுமே போதும். உங்கள் கியர் பாக்ஸ் எதை ஏற்றுக்கொள்ளும் என்பதில்தான் சிக்கல். அதைச் சுழலும் திசை, சுழலும் வேகம், தண்டின் அளவு ஆகிய மூன்றும் முடிவு செய்யும். சிறு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவதே தொழிலாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பாதியில் நின்றுபோன எஞ்சின் மாற்று வேலைகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைப் பார்க்காமல் எஞ்சினை முதலில் வாங்கியதால் நின்றவை.

நல்ல வேளையாக உங்களுடையது பெல்ட் வகை. இப்போது கடைகளில் விற்கிற பவர் வீடர்களில் (களை எடுக்கிற சிறு டில்லர்கள்) நிறைய, எஞ்சினை நேராக கியர் பாக்ஸின் முகத்தில் போல்ட் போட்டு இணைத்த வகை. அதில் எஞ்சின் முகத்தின் ஓட்டைகள், தண்டின் நீளம், உள்ளே இருக்கிற கிளட்ச் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அதே மாதிரி எஞ்சின் கிடைத்தால் ஒழிய மாற்றுவது வீண் வேலை. பெல்ட் வகையில் எஞ்சின் தனியாகச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. புல்லி சரியாக அமைந்தால் போதும், எந்தக் கம்பெனி எஞ்சின் என்பது கியர் பாக்ஸுக்குத் தெரியாது.

முதலில் திசை. தண்டு உங்களை நோக்கி நீட்டியிருக்கும்படி எஞ்சினுக்கு எதிரே நின்று பார்த்தால், ஹோண்டா ஜிஎக்ஸ் 160, ஜிஎக்ஸ் 200, அவற்றைப் பார்த்துச் செய்த 168எஃப், 170எஃப் சீன எஞ்சின்கள் எல்லாமே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். பழைய எஞ்சின்களிலும் பெரும்பாலானவை அப்படித்தான். ஆனால் விதிவிலக்கு உண்டு. சில பழைய எஞ்சின்களில் வேலைத் தண்டை கிராங்கிலிருந்து (பிஸ்டன் சுற்றுகிற முக்கியத் தண்டு) எடுக்காமல் கேம் ஷாஃப்ட்டிலிருந்து (வால்வுகளைத் திறக்கிற தண்டு) எடுத்திருப்பார்கள். அது கிராங்கின் பாதி வேகத்தில், எதிர்த்திசையில் சுற்றும். இன்னும் சிலவற்றில் தண்டின் முனையில் வேகத்தைக் குறைக்கிற ஒரு சிறிய ரிடக்‌ஷன் பெட்டி இருக்கும். அதற்குள் சங்கிலி இருந்தால் திசை மாறாது, ஒரு ஜோடி கியர் இருந்தால் மாறிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: ஸ்டார்ட்டர் கயிறு இருக்கிற பக்கத்தில் ஃப்ளைவீலின் நடுப்புள்ளியும், எதிர்ப்பக்கத்தில் வெளியே வரும் தண்டின் நடுப்புள்ளியும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது நேரடி கிராங்க். விலகியிருந்தால் மேலே சொன்ன இரண்டில் ஒன்று.

எஞ்சின் ஜாம் ஆகியிருப்பதால் ஓட்டிப் பார்க்க முடியாது, பரவாயில்லை. கியரை முன்னோக்கிப் போட்டு, கியர் பாக்ஸின் உள்வரும் புல்லியைக் கையால் கடிகார எதிர்த்திசையில் சுற்றுங்கள். சக்கரமோ கத்தியோ முன்னோக்கிப் போகிறதா? போனால் இப்போது கிடைக்கிற எந்த ஜிஎக்ஸ் வகை எஞ்சினும் ஒத்துவரும். பின்னோக்கிப் போனால், என் யோசனை இந்த முயற்சியையே விட்டுவிடுங்கள் என்பதுதான். எஞ்சினைத் திருப்பி வைத்தால் புல்லி மறுபக்கம் போய்விடும், கியர் பாக்ஸ் புல்லி இந்தப் பக்கமே நிற்கும். அதைச் சரிக்கட்ட இடையில் ஒரு கியர் ஜோடி வைக்க வேண்டும். அந்தச் செலவுக்கு அர்த்தமில்லை.

அடுத்தது வேகம். நம் ஊரில் யாரும் அளக்காத விஷயம் இது. புதிய பெட்ரோல் எஞ்சின்கள் நிமிடத்துக்கு 3600 சுற்றுக்கு என்று வடிவமைத்தவை. பழைய எஞ்சினின் பெயர்ப்பலகையில் 3000 என்றோ, பாதி வேகத் தண்டாக இருந்தால் 1800 என்றோ போட்டிருக்கலாம். பலகை தேய்ந்துபோயிருந்தால் கத்தியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடலாம். கத்தி அச்சில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கியர் பாக்ஸ் புல்லியைக் கையால் சுற்றி, கத்தி ஒரு முழுச் சுற்று வர புல்லி எத்தனை சுற்று வேண்டும் என்று எண்ணுங்கள். இந்த அளவு டில்லர்களில் கத்தி பொதுவாக நிமிடத்துக்கு 100 முதல் 150 சுற்று வரை ஓடும். உதாரணமாக 10 சுற்றுக்கு ஒரு சுற்று என்று வந்தால், கத்தியை 120-ல் ஓட்ட கியர் பாக்ஸ் புல்லி 1200-ல் சுற்ற வேண்டும்.

இப்போது புல்லி அளவு. கியர் பாக்ஸில் 200 மி.மீ. புல்லி இருக்கிறது, பழைய எஞ்சினில் 80 மி.மீ. புல்லி 3000-ல் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். 3000-ஐ 80-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் 1200. அதே 80 மி.மீ. புல்லியை 3600 எஞ்சினில் மாட்டினால் 1440 ஆகிவிடும், அதாவது 20 சதவீதம் கூடுதல். மண் பொடிப்பொடியாகப் போகும், வண்டி வேகமெடுக்கும், பின்னால் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் ஓட வேண்டியிருக்கும். சரி, எஞ்சின் புல்லியைச் சிறிதாக்கலாமே என்றால் 67 மி.மீ. வேண்டும். 13 மி.மீ. அகல ஏ செக்‌ஷன் பெல்ட்டுக்கு 75-க்குக் கீழே போவது நல்லதல்ல. சிறிய வட்டத்தில் மடங்கி மடங்கிச் சூடாகி சீக்கிரம் வெடித்துவிடும். 17 மி.மீ. பி செக்‌ஷன் என்றால் இன்னும் பெரிய புல்லி கேட்கும். கியர் பாக்ஸ் பக்கத்தில் 240 மி.மீ. போட இடமிருந்தால் அது சரியான தீர்வு. இல்லையென்றால் செலவே இல்லாத ஒரு வழி உண்டு: கார்புரேட்டர் அருகே ஆக்சிலேட்டர் லீவரைத் தடுக்கிற ஒரு திருகு இருக்கும். அதை உள்ளே திருகி உச்ச வேகத்தை 3000-க்குக் குறைத்துவிடுங்கள். இந்த எஞ்சின்களின் முறுக்குவிசை 2500 வாக்கில்தான் உச்சத்தில் இருக்கிறது, எனவே இழுவையில் பெரிய நஷ்டம் தெரியாது. வேகமானியை மெக்கானிக்கிடம் இரவல் வாங்கி வைத்துக்கொண்டு செய்யுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் ஸ்பிரிங்கை மட்டும் தொடாதீர்கள். அதை நீட்டியோ மாற்றியோ வேகத்தை ஏற்றி, ராடு கிரான்க்கேஸை உடைத்துக்கொண்டு வெளியே வந்த எஞ்சின்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பம்பு எஞ்சின் மாட்டிக்கொள்ளப் போகிற இடம் தண்டு. டில்லருக்கு வேண்டியது கீ வெட்டிய நேரான தண்டு, அதாவது புல்லி வழுக்காமல் பிடிக்கிற சிறு இரும்புத் துண்டு (கீ) உட்காரப் பள்ளம் வெட்டிய தண்டு. பல 2 இஞ்ச் பம்புகளில் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரமான இம்பெல்லரை நேராகத் தண்டின் முனையில் திருகியிருப்பார்கள், ஆகவே தண்டு குட்டையாக, மரை வெட்டியதாக இருக்கும். ஜெனரேட்டர் எஞ்சின் என்றால் தண்டு கூம்பாக இருக்கும். இந்த இரண்டிலும் டில்லர் புல்லி நிற்காது. மரைத் தண்டில் புல்லியைத் திருகி ஒரு பொட்டு வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கத்தி வேரிலோ கல்லிலோ அடிக்கும்போது வரும் குலுக்கலை அது தாங்காது, வெல்டிங் சூட்டில் ஆயில் சீலும் போய்விடும். பம்பின் கேசிங்கைக் கழற்றி முதலில் தண்டைப் பாருங்கள். மரையாக இருந்தால், கீ வெட்டிய கிராங்க் வாங்கி உள்ளே மாற்றலாம். 168எஃப் வகைக்கு அது உதிரியாகக் கிடைக்கும். ஆனால் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், ஒத்துவர வேண்டும். ஜிஎக்ஸ் 160-க்கு 45 மி.மீ., ஜிஎக்ஸ் 200-க்கு 54 மி.மீ. இரண்டின் பிஸ்டனும் 68 மி.மீ. விட்டம்தான், அதனால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடக்கூடும். கிராங்க் விலை, கேஸ்கட், சீல், கூலி எல்லாம் கூட்டினால் சரியான தண்டோடு ஒரு புது எஞ்சின் வாங்குவதன் அருகில் வந்துவிடுகிறதா என்று கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கீ வெட்டிய தண்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே எஞ்சின் 19.05 மி.மீ. தண்டோடும் வரும், 20 மி.மீ. தண்டோடும் வரும். முதலாவது முக்கால் இஞ்ச் கணக்கு. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். 20 மி.மீ. புல்லியை 19.05 தண்டில் மாட்டினால் முதல் நாள் ஓடும், அப்புறம் கீயைத் தின்று தண்டையும் தின்றுவிடும். பழைய எஞ்சினின் தண்டு 25.4 மி.மீ. ஆக இருந்தால் அதன் புல்லியை அப்படியே பயன்படுத்த முடியாது. புஷ் செருகி ஒப்பேற்றுவதைவிட, லேத்தில் கொடுத்து உங்கள் தண்டுக்கென்றே துளையும் கீ வெட்டும் போட்ட புதுப் புல்லியாகச் செய்துகொள்ளுங்கள். பழைய புல்லியைக் கழற்றும்போது புல்லர் போடுங்கள். சுத்தியலால் தட்டுகிற பழக்கம் இந்த ஜாம் ஆன எஞ்சினுக்கு ஒன்றும் செய்யாது, நாளைக்குப் புது எஞ்சினில் அதையே செய்தால் பேரிங் கெட்டுவிடும். மாட்டும்போது புல்லி எஞ்சின் முகத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்கட்டும். தண்டின் நுனியில் தொங்கினால் பெல்ட் இழுக்கிற பக்கவிசை முழுக்கப் பேரிங்கில் விழும்.

சட்டத்தில் உட்கார வைப்பது மேற்சொன்ன மூன்றையும்விட எளிது. ஜிஎக்ஸ் 160, 200 இரண்டுக்கும் கால் ஓட்டைகளின் இடைவெளி ஒன்றே, 162-க்கு 75.5 மி.மீ. அடித்தளத்திலிருந்து தண்டின் நடு வரை உயரம் 106 மி.மீ. 8 அல்லது 10 மி.மீ. இரும்புத் தகட்டில் பழைய ஓட்டைகளையும் புது ஓட்டைகளையும் போட்டு இடையில் வைத்தால் சட்டத்தில் கை வைக்க வேண்டியதில்லை. புது ஓட்டைகளை நீள வாக்கில் வெட்டுங்கள், பெல்ட் இழுவைக்கு நகர்த்த இடம் வேண்டும். இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒரு நேரான பட்டியையோ, இழுத்துக் கட்டிய நூலையோ வைத்துப் பாருங்கள், நான்கு இடத்திலும் தொட வேண்டும்.

ஆனால் பெல்ட் கிளட்சில் ஒன்றை எல்லோரும் மறக்கிறார்கள். உங்கள் டில்லரில் லீவரை அழுத்தினால் டென்ஷன் புல்லி பெல்ட்டை இறுக்கும், விட்டால் பெல்ட் தளர்ந்து எஞ்சின் புல்லி சும்மா சுற்றும். தளர்ந்த பெல்ட் புல்லியை விட்டு விலகி நிற்பதற்காகப் பழைய எஞ்சினையொட்டி வளைந்த கம்பிகள் இரண்டு மூன்று இருந்திருக்கும். எஞ்சினோடு அவையும் குப்பைக்குப் போய்விடும். பிறகு லீவரை விட்டாலும் வண்டி மெதுவாக முன்னே ஊர்ந்துகொண்டே இருக்கும், என்ன செய்தாலும் நிற்காது. கத்தி சுற்றுகிற இயந்திரத்தில் இது உயிருக்கு ஆபத்து. இறுகிய பெல்ட்டுக்கும் கம்பிக்கும் 3 மி.மீ. அளவு இடைவெளி இருக்கும்படி அந்தக் கம்பிகளைப் புது இடத்தில் திரும்ப அமைத்தே ஆக வேண்டும். டென்ஷன் புல்லியும் பெல்ட்டின் தளர்ந்த பக்கத்தில், அதாவது எஞ்சின் புல்லியை விட்டு வெளியேறுகிற பக்கத்தில் இருக்க வேண்டும். ரிவர்ஸுக்குத் தனி பெல்ட் உள்ள வண்டியானால் எஞ்சின் புல்லியில் இரண்டு பள்ளம் வேண்டும். லேத்தில் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள்.

பம்பு எஞ்சினையே மாட்டுவதாக முடிவு செய்தால் இன்னும் சில வேலைகள் உண்டு. பம்பு ஒரே இடத்தில் வாய்க்கால் ஓரம் நிற்கும், டில்லர் தூசிக்குள்ளேயே நடக்கும். பம்பில் வருகிற சாதாரண ஸ்பாஞ்சு ஃபில்டர் போதாது. ஆயில் பாத் ஃபில்டரோ, காகிதமும் ஸ்பாஞ்சும் சேர்ந்ததோ போடுங்கள். புழுதிக்காட்டில் எஞ்சின் சீக்கிரம் புகை கக்குவதற்கு முதல் காரணம் ஃபில்டர்தான். சைலன்சர் உங்கள் முகத்துக்கோ பெல்ட்டுக்கோ நேராக ஊதுகிறதா என்று பாருங்கள். சுவிட்ச் எஞ்சின் உடம்பில் இருக்கும், அதைக் கைப்பிடிக்குக் கொண்டுவாருங்கள். இக்னிஷன் காயிலிலிருந்து வரும் ஒற்றைக் கம்பியை எஞ்சின் உடம்போடு சேர்த்தால் எஞ்சின் நின்றுவிடும், அவ்வளவுதான் இதன் வயரிங். ஆயில் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் சில எஞ்சின்களில் உண்டு. வரப்பு ஏறும்போது ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, அதனால் எஞ்சின் நிற்கக்கூடும். சென்சார் கம்பியைக் கழற்றிவிடலாம், ஆனால் அதற்குப் பிறகு தினமும் ஆயில் பார்ப்பது உங்கள் பொறுப்பு. இந்த எஞ்சின்களில் ஆயிலை வாரி இறைத்துத்தான் உள்ளே மசகு போகிறது, 20 டிகிரிக்கு மேல் சாய்த்து ஓட்டக் கூடாது. உங்கள் சட்டத்தில் எஞ்சின் தளம் ஏற்கெனவே முன்பக்கம் சாய்ந்திருந்தால் தகட்டுக்குக் கீழே ஆப்பு வைத்துச் சமமாக்குங்கள்.

இனி எச்.பி.க்கு வரலாம். ஜிஎக்ஸ் 160 பல வருடம் 5.5 எச்.பி. என்றே விற்றது, அதே எஞ்சினுக்கு இப்போது ஹோண்டா போடும் எண் 4.8. ஜிஎக்ஸ் 200-க்கு 6.5 போய் 5.5. எஞ்சின் மாறவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. கடையில் 7 எச்.பி. என்று ஒட்டியிருக்கிற 212 சிசி எஞ்சின்களின் எண்ணும் பெரும்பாலும் பழைய கணக்குதான். முறுக்குவிசையைப் பார்த்தால் ஜிஎக்ஸ் 160-க்கு 10.3 நியூட்டன் மீட்டர், ஜிஎக்ஸ் 200-க்கு 12.4. உங்கள் பழைய 5 எச்.பி. எஞ்சின் செய்த வேலையை 160 வகையே செய்துவிடும் என்று துணிந்து சொல்வேன். 200 அல்லது 212 போட்டால் கொஞ்சம் கைவசம் இருக்கும். அதற்கு மேல் கியர் பாக்ஸின் பொறுப்பு. உள்ளே வெண்கலச் சக்கரத்தோடு வார்ம் கியர் (திருகு வடிவ கியர்) இருக்கிறதா, சங்கிலி இருக்கிறதா, இருபது வருடத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் திறந்து பார்க்காமல் சொல்லக் கூடியவை அல்ல. ஆயிலை வடித்துப் பாருங்கள். பொன் நிறத்தில் பொடி மினுங்கினால் வெண்கலம் கரைகிறது, பெரிய எஞ்சின் ஆசையை விட்டுவிடுங்கள். பெல்ட்டைத் தேவைக்கு மேல் இறுக்காதீர்கள், கல் தடுக்கும்போது அது வழுக்கத்தான் வேண்டும், அதுதான் உங்கள் கியர் பாக்ஸின் ஃபியூஸ்.

டீசல் பற்றி என் கருத்து உறுதியானது, வேண்டாம். சிறியதென்று சொல்லப்படுகிற 178எஃப் டீசலே 33 கிலோ அளவில் இருக்கும், ஜிஎக்ஸ் 160 சுமார் 15 கிலோ. ஒற்றை சிலிண்டர் டீசலின் அதிர்வு அந்தச் சட்டத்துக்காகக் கணக்குப் போட்டதல்ல, வெல்டிங் இணைப்புகள் ஒவ்வொன்றாக விரிசல் விடும். எடை முன்னால் விழுந்தால் வரப்பில் வண்டியைத் திருப்ப இடுப்பு தாங்காது. நாள் முழுக்க வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு டீசல் கணக்கு சரி, அவர் டீசலுக்கென்றே செய்த வண்டி வாங்குவது நல்லது. தென்னைக்கு இடையிலும் காய்கறிப் பாத்தியிலும் ஓட்டுகிற உங்களுக்கு மிச்சமாகிற எரிபொருள் சட்டத்தை ஒட்டவைக்கிற கூலிக்கே போய்விடும். எதிர்ப்பிரச்சினையும் ஒன்று உண்டு: பழையது வார்ப்பிரும்பு எஞ்சினாக இருந்து புதியது அலுமினியமாக இருந்தால் மூக்கு இலேசாகி வண்டி துள்ளும். அப்படியானால் முன்னால் ஒரு இரும்புக் கட்டியைப் போல்ட் போட்டுக் கட்டிவிடுங்கள்.

மொத்தச் செலவைப் போட்டுப் பார்க்கும்போது புது பவர் வீடரின் மானிய விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் உச்சவரம்போடு தருகிறார்கள், உழவன் செயலியிலேயே பதியலாம். எஞ்சின், புல்லி, தகடு, ஃபில்டர், கூலி எல்லாம் சேர்ந்து அந்த விலையில் பாதியைத் தாண்டினால் நானாக இருந்தால் மாற்ற மாட்டேன். தாண்டாவிட்டால், கியர் பாக்ஸ் ஆயிலும் சுத்தமாக இருந்தால், தயங்காமல் செய்யுங்கள். பழைய வண்டிகளின் கியர் பெட்டி கனமானது, இன்றைக்கு அந்த விலையில் அப்படி வருவதில்லை.

மாட்டி முடித்ததும் நேராக வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். கத்திகள் தரையைத் தொடாதபடி சட்டத்தைக் கட்டைகள் மேல் ஏற்றி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, லீவரை விட்டதும் கத்தி நிற்கிறதா, கைப்பிடி சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பெல்ட் கவரைப் போடாமல் யாரையும் அருகில் விடாதீர்கள். ஏதாவது சரிசெய்யக் கை வைக்கும் முன் பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள். ஒரு மணி நேரம் உழுத பிறகு கால் போல்ட்டுகளையும் புல்லியைத் தண்டோடு பிடிக்கிற கிரப் ஸ்க்ரூவையும் திரும்ப இறுக்குங்கள், புதுப் பெல்ட் அதற்குள் கொஞ்சம் நீண்டிருக்கும், அதையும் சரிசெய்யுங்கள். புது எஞ்சினாக இருந்தால் முதல் ஆயிலை 20 மணி நேரத்தில் மாற்றுங்கள், அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். பம்பைக் கழற்றியதும் தண்டை நேர் எதிரே வைத்து எடுத்த படமும், வெர்னியர் அளவும், கியர் பாக்ஸ் புல்லியைச் சுற்றியபோது வண்டி எந்தப் பக்கம் போனது என்பதும் இங்கேயே போட்டால், லேத்துக்குக் கொடுக்க வேண்டிய புல்லி அளவைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.